நாலு விரற்கடை

காட்டுப்பன்றியை நேரில் பார்த்துவிட்டு அது பெரிசா சிறிசா என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அப்படிச் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை. அதற்குள் நாய் வயிறு கிழிந்து கிடக்கும், இல்லையென்றால் நம் தொடை கிழிந்திருக்கும். பன்றி கண்ணில் படுவதற்கு முன்னால், அது போன தடத்தை வைத்துச் சொல்ல வேண்டும். எழுபதுகளின் கடைசியில், நெய்வேலியில் வாரலீவு நாட்களில் நாய்களோடு வேட்டைக்குப் போன எங்கள் சிறு கூட்டத்தில் அதைச் சொல்கிறவனாக நான் இருந்தேன்.

அளக்கும் முறை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஈரமண்ணில் முன்னங்கால் நன்றாகப் பதிந்த தடம் ஒன்றைத் தேட வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்து, தடத்துக்குப் பக்கத்தில் வலது கையின் நான்கு விரல்களையும் ஒட்டி வைத்து அழுத்த வேண்டும். பெருவிரல் கணக்கில் வராது. தடத்தின் மேலேயே கையை வைக்கக் கூடாது, வைத்தால் பன்றிக்குத் தெரிந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இடது கையை வைக்கவே கூடாது, வைத்தால் பன்றி திரும்பி வரும் என்பார்கள். பன்றிக்கு இவ்வளவு வேலை இருக்குமா என்று நான் யோசித்ததில்லை. அப்படித்தான் செய்வோம், அவ்வளவுதான்.

தடத்தின் அகலம் இரண்டு விரற்கடை என்றால் குட்டி. எல்லா நாயையும் அவிழ்த்துவிடலாம். மூன்று என்றால் வளர்ந்த பெட்டை, அல்லது மீசை அரும்புகிற ஆண். மூன்றரை என்றால் கோரைப்பல் இருக்கும், பழகின நாய்கள் மட்டும் போக வேண்டும். நாலைத் தொட்டுவிட்டால் அது தனியாகத் திரிகிற கிழட்டு ஆண். நாய்களைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுவது மரியாதை. இதோடு வேறு சில அடையாளங்களும் உண்டு. குளம்பின் முனை கூராக இருந்தால் பெட்டை, தேய்ந்து மழுங்கியிருந்தால் ஆண். பின்னால் இருக்கும் குட்டிக் குளம்புகள் இரண்டும் மண்ணில் விழுந்திருந்தால் கனம் அதிகம். மரத்தில் சேறு அப்பியிருக்கும் உயரத்தைப் பார்த்தால் தோள் எவ்வளவு என்று தெரியும். ஆனால் கடைசிப் பேச்சு விரலுடையதுதான். அதை வைத்துத்தான் எத்தனை நாய் போகும் என்பது மட்டுமல்ல, எத்தனை வீட்டில் மசாலா அரைக்கச் சொல்லலாம் என்பதும் முடிவாகும்.

பன்றி அந்தப் பக்கத்துக்குப் புதுசு. சுரங்கத்தில் தோண்டிய மேல்மண்ணைக் கொண்டுபோய்க் குன்றாகக் கொட்டினார்கள். அதன் மேல் வேலிக்காத்தான் முள் மண்டியது. அது மண்டியதும் எங்கிருந்தோ பன்றிகள் வந்து குடியேறிவிட்டன. குவார்ட்டர்ஸ் கேட்டு மனுப் போடாமல் நெய்வேலியில் இடம் பிடித்தது அவை மட்டும்தான் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம். சுற்றுக் கிராமத்துக்காரர்கள் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டு முந்திரி போட்டுப் பிழைத்தவர்கள், பன்றியோடு பழக்கம் இல்லை. நான் மதுரை ஜில்லாவின் மேற்குக் கோடியில் மலையடிவாரத்திலிருந்து வேலைக்கு வந்தவன். பன்றித் தடம் எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இங்கே அது எனக்கு மட்டும் தெரிந்தது, அதனால் நான் பெரிய ஆள் ஆகிவிட்டேன். வேட்டை சட்டப்படி கூடாது என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் போனோம்.

என்னை முதலில் அழைத்துப் போனவன் என்னோடு ஒரே ஷிப்டில் பெல்ட் மெயின்டனன்ஸில் இருந்த முத்தாண்டிக்குப்பத்துப் பையன். பையன் என்றால் கல்யாணமானவன், என்னைவிட ஆறேழு வயது இளையவன். தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவனிடம் நாலைந்து நாட்டு நாய்கள் இருந்தன. அதில் ஒன்று செவலை. அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மற்ற நாய்கள் பன்றியைச் சுற்றி நின்று குரைக்கும், பன்றி திரும்பினால் விலகும், மறுபடி நெருங்கும். செவலைக்கு விலகத் தெரியாது. காதைக் கவ்வினால் கவ்வினதுதான். சின்னப் பன்றி என்றால் எங்களுக்கு அது வரம், பெரிய பன்றி என்றால் நாய்க்கு அதுவே சாவு. அதனால் தடத்தின் அளவு மற்ற நாய்களைவிடச் செவலைக்குத்தான் முக்கியம். தம்பிக்கு அந்த நாயின் மேல் உயிர். கேன்டீனில் அவனுக்கு வைக்கும் முட்டை அவன் வாய்க்குப் போனதை நான் பார்த்ததில்லை, டிபன் டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவான்.

இனி என் கைக்கு வருகிறேன்.

சுரங்கத்தில் மண்ணும் கரியும் போகிற, ஆள் உயரத்துக்கு உருளைகள் சுற்றும் பெல்ட்டுகளுக்குப் பக்கத்திலேயே வருஷக்கணக்காக நின்றவன் நான், ஒரு சிராய்ப்பு கிடையாது. பொங்கலுக்கு லீவு போட்டு ஊரில் தங்கை வீட்டுக்குப் போனேன். கிணற்று மோட்டாருக்குப் பதிலாக அவர்கள் ஆயில் என்ஜின் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அதைக் கிளப்பத் தெரியவில்லை. பெல்ட்டைப் பற்றி எனக்கா சொல்லித்தர வேண்டும் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். துடைப்பத்துக் கட்டு அகலம்கூட இல்லாத அந்தப் பெல்ட் என் வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அடியோடு எடுத்துக்கொண்டது. சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. என் தங்கைதான் கத்தினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அழுகை, ஆத்திரம், இனி என்ன செய்வோம் என்ற பயம் எதுவும் வரவில்லை. தையல் பிரித்த இடம் மரத்துப் போயிருந்தது, ஊசியால் குத்தினாலும் தெரியாது. உள்ளேயும் அப்படித்தான் இருந்தது. காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், கம்பெனி பஸ் வந்தால் ஏறினேன். லைட் டியூட்டி போட்டார்கள். ஸ்டோரில் ஸ்டூல் மேல் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்க வேண்டும். கையுறையை நீட்டும்போது வாங்குகிறவன் என் கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். எனக்கு அதுவும் உறைக்கவில்லை.

எல்லோரும் என்னிடம் மிக நல்லவர்களாக மாறிவிட்டார்கள். அதுவரை என்னோடு மல்லுக்கு நின்ற ஃபோர்மேன் 'உட்காருங்க, உட்காருங்க' என்றார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் எங்கள் மரத்துப் பலாவைத் தானே வெட்டிச் சுளை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் என் மனைவி மீன் முள்ளை எடுத்துவிட்டுத் தட்டில் வைத்தாள். நான் என்ன சொன்னாலும் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. முன்பெல்லாம் நான் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்லுகிற பெண் அவள். இப்போது, "மழை வரும் போலிருக்கே" என்று நான் வெயிலைப் பார்த்துச் சொன்னால்கூட, "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுக்கப் போனாள்.

வேட்டையை நான் மறந்தே விட்டேன். மல்லாட்டை காய் பிடிக்கிற பருவத்தில் ஒருநாள் தம்பி ஸ்டோர் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணா, மாமா கொல்லைல பன்னி பூந்து எல்லாத்தயும் கெளறிப் போட்டுட்டுப் போயிருக்கு. வாரலீவுக்கு வர்றீங்களா?"

"என்னை வச்சிக்கிட்டு என்ன செய்யப் போற? வேல்கம்பு பிடிக்க முடியாது எனக்கு."

"கம்பு நாங்க புடிச்சுக்கிறோம்ணா. தடம் பாக்க ஆள் வேணும் இல்ல? நீங்க சொல்லாம நான் செவலைய எப்பிடி அவுக்கறது?"

கிளம்பினேன். ஆசை என்று சொல்ல முடியாது. வாரலீவு அன்று வீட்டில் உட்கார்ந்து ஆமாங்க கேட்டுக்கொண்டிருப்பதற்கு அது மேல் என்று நினைத்திருப்பேன். தம்பி சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு போனான். அவன் மாமா மல்லாட்டைக் கொல்லை ஓரத்தில் நின்றிருந்தார். அம்பது வயதிருக்கும், அவரும் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் வேலை பார்த்துக்கொண்டே பயிர் செய்கிறவர். என்னை சார் என்று கூப்பிடுவார். அன்றும் வாங்க சார் என்றார், கையைப் பார்க்காமல்.

தடம் வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் தெளிவாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். வழக்கம்போலக் கையை நீட்டினேன். அப்போதுதான் அளக்கிற விரல் நாலு இல்லை, இரண்டு என்பது எனக்கு உறைத்தது. கைவசம் மோதிர விரலும் சுண்டு விரலும்தான். அதை வைத்து அழுத்தி, எடுத்து, ஒட்டினாற்போல மறுபடி அழுத்தினேன். அப்படி இரண்டு தரம் வைத்தால் நாலு ஆகிவிடாது. மோதிர விரலும் சுண்டு விரலும் மற்ற இரண்டையும்விட ஒடுங்கினவை, ஒரு நெல் அகலம் குறையும். அந்த நெல்லை மனசில் சேர்த்துக்கொண்டேன்.

"மூணு. பெட்டை. செவலையை விடலாம்" என்றேன்.

"சார் சொன்னா செரி, அப்பறம் என்னா பேச்சு" என்றார் மாமா.

தம்பி, "நீங்க முன்னால போங்க, பீடி பத்த வச்சுக்கினு வந்துடறேன்" என்றான். நாங்கள் முந்திரித் தோப்புக்குள் நடந்தோம், அவன் பின்னாலேயே ஓடிவந்து சேர்ந்துகொண்டான். மண்மேட்டுச் சரிவில் நாய்கள் வளைத்துப் பிடித்தபோது பார்த்தால் பெட்டைதான். அளவும் நான் சொன்ன அளவுதான். மாமா வீட்டில் சமைத்தார்கள். நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மசாலா வாசனை மட்டும் தெரிந்தது.

அதன் பிறகு மழைக்காலம் தொடங்கும் வரை பலமுறை போனோம். ஒவ்வொரு முறையும் நான் இரண்டு விரலை இரண்டு தரம் வைத்தேன், ஒரு நெல்லைச் சேர்த்தேன், அளவு சொன்னேன். தப்பவில்லை. ஒருமுறை நாலு என்று சொல்லி எல்லோரையும் திருப்பி அழைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் அந்தப் பன்றியை ரோட்டைத் தாண்டும்போது பஸ்ஸிலிருந்து பார்த்தவர்கள் கன்றுக்குட்டி உயரம் என்றார்கள். தம்பி அதை ஷிப்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தோஷம் என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு இடத்தில் என் பேச்சு பேச்சாக இருந்தது. வேறெங்கும் அது இல்லை. ஸ்டோரிலும் வீட்டிலும் நான் சொல்வதை நோயாளி சொல்வதைக் கேட்பதுபோலக் கேட்டார்கள். கொல்லையில் மட்டும் நான் சொன்னால் நாய் அவிழும், நான் சொன்னால் நாய் நிற்கும். அது போய்விட்டால் எனக்கு ஸ்டூல்தான் மிச்சம் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஒரு வேட்டை முடிந்து திரும்பும்போது பாதி வழியில் கால் சுட்டது. குனிந்து பார்த்தால் செருப்பு இல்லை. தடம் பார்க்கும்போது கழற்றினது, அங்கேயே விட்டுவிட்டேன். நீங்கள் போங்கள் என்று மற்றவர்களை அனுப்பிவிட்டு வாய்க்காலுக்குத் திரும்பிப் போனேன்.

செருப்பு இருந்தது. பக்கத்தில் பன்றித் தடம் இருந்தது. அதற்கு வலப்பக்கத்தில் என் விரல்கள், இரண்டு, மறுபடி இரண்டு. இடப்பக்கத்தில் இன்னொரு கை. நாலு விரலும் ஒன்றாக, ஆழமாக, ஒரே அழுத்தாகப் பதிந்திருந்தது. அதற்குக் கீழே முட்டி ஊன்றிய குழி, ஓரத்தில் கரிந்த தீக்குச்சி.

தடத்தைப் பார்த்து ஆளைச் சொல்வது என் தொழில். இதைச் சொல்ல எனக்கு நேரம் ஆகவில்லை. ஒவ்வொரு முறையும் அவன் பீடிக்கு நின்றது ஞாபகம் வந்தது. முன்னால் போகச் சொல்வான், நாங்கள் போவோம், அவன் உட்கார்ந்து தன் கையை வைத்துப் பார்த்துவிட்டு வருவான். நான் சொன்னது சரியாக இருந்தால் நாயை அவிழ்ப்பான். தப்பாக இருந்தால் என்ன செய்வதாக இருந்தான்? ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பான், நாய்க்கு முள் குத்திவிட்டது என்று. என் முகம் வாடாமல் பார்த்துக்கொண்டிருப்பான். இங்கேயும் எனக்கு முள் எடுத்துவிட்ட மீன்தான் பரிமாறியிருக்கிறார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன். வழியில் மாமா இளநீர் வெட்டிக் கொடுத்தார், குடித்தேன்.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம், "முள்ளை நானே எடுத்துக்குறேன்" என்றேன்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அவள் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கோபம் என்று ஒன்று அடியில் கிடந்து புகைகிறது என்று எனக்கு அப்போதுதான் லேசாகத் தெரிந்தது. பழுப்பு நிலக்கரி அப்படித்தான் பற்றும், மேலே ஒன்றும் தெரியாது.

அடுத்த வாரலீவுக்கு முன்னால் நல்ல மழை. காலையில் தம்பி வந்து கூப்பிட்டான். வர மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனாலும் சைக்கிளில் ஏறினேன். வழியெல்லாம் அவன் செவலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, மழையில் நனைந்திருக்கும் என்று.

மாமா எங்களுக்கு முன்பே கொல்லையில் இருந்தார். பாதிக் கொல்லை நாசம். தடத்தை எடுத்துக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை, வாய்க்கால் கரையில் வரிசையாக நின்றது. குளம்பு முனை மழுங்கிப் போயிருந்தது. குட்டிக் குளம்புகள் இரண்டும் குழியாக விழுந்திருந்தன. பக்கத்து முந்திரி மரத்தில் என் இடுப்பு உயரத்துக்குச் சேறு அப்பி, அதில் முரட்டு மயிர் ஒட்டியிருந்தது. கண் தெரியாதவன்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவான். வேலிக்காத்தான் புதர் பக்கத்திலேயே இருந்தது. நாய்கள் அந்தப் பக்கம் பார்த்து முனகின. பன்றி உள்ளேதான் இருந்தது.

செருப்பைக் கழற்றினேன். உட்கார்ந்தேன். இரண்டு விரலை வைத்தேன், மறுபடி வைத்தேன், நெல்லைச் சேர்த்தேன். அதற்கும் மேல் தடம் மிச்சம் இருந்தது. அப்படிப்பட்ட பன்றித் தடத்தை நான் எங்கள் மலையடிவாரத்தில்கூடப் பார்த்ததில்லை.

எழுந்து சொன்னேன்: "ரெண்டு விரல். குட்டி. எல்லாத்தையும் அவுத்துவிடு, செவலையையும் சேர்த்து."

மாமா தடத்தைப் பார்த்தார். மரத்துச் சேற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "செரிங்க சார்" என்றார்.

தம்பி, "நீங்க முன்னால போங்கண்ணா, பீடி பத்த வச்சுக்கினு வர்றேன்" என்றான்.

நான் கொஞ்ச தூரம் நடந்து முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். அவன் உட்காரும் சத்தம், முட்டி சேற்றில் ஊன்றும் சத்தம் எல்லாம் கேட்டது. வரட்டும் என்று காத்திருந்தேன். வந்து சாக்குச் சொல்லட்டும். நாய்க்கு உடம்பு சரியில்லை என்றோ, காற்று மாறிவிட்டது என்றோ சொல்லட்டும். சொன்னதும் அவனிடம் கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையாகச் சேர்த்து வைத்திருந்தேன். இனி என்னை ஸ்டோர் வாசலில் வந்து கூப்பிடாதே என்பது அதில் கடைசி.

அவன் வந்தான். பீடி இல்லை. என்னைத் தாண்டிப் போய்ச் செவலைக்குப் பக்கத்தில் குந்தினான். அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு கயிற்றை மரத்தில் கட்டியிருந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான். மழையில் கயிறு இறுகிக் கிடந்தது. விரலுக்கு வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தான்.

நடிக்கிறான் என்று நினைத்தேன். கடைசி நிமிஷத்தில் முடிச்சு வரவில்லை என்று சொல்லிவிடுவான் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் முகம் நடிக்கிற முகமாக இல்லை. கடித்து இழுத்ததில் ஈறு கசிந்து உதட்டில் ரத்தம் தெரிந்தது. முடிச்சு விட்டது.

நான் எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியவில்லை. கயிற்றின் நுனி போகும்போது வலது கையால் பிடித்தேன். பெருவிரலோடு சேர்த்துப் பிடிக்க இரண்டு விரல்தானே இருந்தது, கயிறு அதற்குள் நிற்காமல் தழும்பை உரசிக்கொண்டு ஓடியது. கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். செவலை என்னைச் சேற்றில் முட்டியோடு இழுத்துக்கொண்டு போயிற்று. மாமா வேல்கம்பைப் போட்டுவிட்டு வந்து நாயின் கழுத்தைக் கட்டிப் பிடித்தார். புதர் அசைந்தது. மறுபக்கம் பன்றி வெளியே வந்து, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவசரம் இல்லாமல் மேட்டில் ஏறிப் போயிற்று. அதன் முதுகைப் பார்த்து மாமா, "யப்பா" என்று மட்டும் சொன்னார்.

"ஏன்டா அவுத்த?" என்று கேட்டேன். எனக்கு மூச்சு வாங்கியது.

"நீங்க சொன்னீங்களேண்ணா."

"நான் சொன்னா? நீதான் போய் வச்சுப் பாத்தியே. ஒவ்வொரு வாட்டியும் பாக்குற. எனக்குத் தெரியும். ஒன் கைக்கு எத்தனை விரல் வந்துச்சு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நாலுக்கு மேலதாண்ணா வந்துச்சு."

"பின்ன ஏன் அவுத்த?"

அவன் உதட்டைப் புறங்கையால் துடைத்தான். துடைத்த கையைப் பார்த்தான்.

"மொதல்ல ரெண்டு மூணு வாட்டி நம்பாமதாண்ணா வச்சுப் பாத்தேன். கோச்சுக்காதீங்க. செவல இல்லியா, அதனால. ஒரு வாட்டி கூட நீங்க தப்பல. ரெண்டு வெரல வச்சுக்கினு எப்பிடித்தான் சொல்றாருன்னு ஆயிப்போச்சு எனக்கு. அதுக்கு அப்பறம் உங்கள பாக்கலண்ணா. எனக்கு சரியா வருதான்னு பாத்துக்கினு இருந்தேன். நீங்க சொல்றதும் என் கையும் ஒத்து வந்தா சந்தோசமா இருக்கும். இன்னிக்கு நீங்க ரெண்டுன்னீங்க, எனக்கு நாலு வந்துச்சு. நாந்தான் தப்பா வச்சுட்டேன்னு நெனச்சேன்."

மாமா செவலையை முந்திரி மரத்தில் கட்டினார். அவருக்கு என்ன நடந்தது என்று பாதிதான் புரிந்தது. எனக்கும் பெருசாத்தான் பட்டுது, சார் வேற என்னமோ பாத்திருக்காருன்னு வுட்டுட்டேன் என்று நாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை, காது வரைக்கும் எரிந்தது. சேற்றில் இருந்த ஒரு கையைப் பார்த்து இரக்கம் என்று படித்துவிட்டு, அதை வைத்துக்கொண்டு அவன் நாயைச் சாகக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன். அவன் பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்தது என் மேல் இருந்த நம்பிக்கையில். தன் கை நாலு என்று சொல்லியும், என் பேச்சை நம்பி அவிழ்த்திருக்கிறான்.

"அண்ணா" என்றான் தம்பி. எனக்கு எதிரே வந்து சேற்றில் உட்கார்ந்தான். "அப்ப நான் வச்சது தப்பில்லியா?"

"இல்லடா" என்றேன். "நீ வச்சதுதான் சரி."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. கோபித்துக்கொள்ள வேண்டியவன் அவன். உதட்டில் ரத்தத்தோடு பல் தெரியச் சிரித்தான். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வராதது, தங்கை என் காலைப் பிடித்துக்கொண்டு கதறியபோது வராதது, அந்த வாய்க்கால் கரையில் வந்தது. நிறுத்த முடியவில்லை. கயிறு அறுத்த இடத்தில் தோல் கழன்று கை தீயாக எரிந்தது.

அவன் பயந்துபோனான். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, தண்ணி எடுத்தா, அண்ணனுக்குக் கை ரொம்ப வலிக்குது" என்று குரல் கொடுத்தான்.

"வலிக்குதுடா" என்றேன். "ரொம்ப வலிக்குது."